தாத்தாவின் எல்ஜின்: எதுவரை கைவைப்பது

தாத்தா வைத்திருந்த எல்ஜின் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பாக்கெட் வாட்ச் மறுபடி ஓடுகிறது. டயல் மேலே பார்க்கப் படுக்கவைத்தால் நாளொன்றுக்கு 20 விநாடி முந்துகிறது. சட்டைப்பையில் இருப்பதுபோல் நிமிர்த்தி வைத்தால் 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிந்துகிறது. இப்போதைக்கு இது போதும் என்று மூடியைத் திருகி வைத்துவிட்டேன். பழைய பாக்கெட் வாட்ச்சைக் கழற்றி மாட்டுவதை நிதானம் இருந்தால் கற்றுக்கொள்ளலாம். எந்த இடத்தில் கையை எடுப்பது என்பதில்தான் எனக்குப் பெரும்பாலான நேரம் போனது.

தாத்தாவின் பொருள் என்பதால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "ஓடலைன்னா என்னடா, நல்லா பாலிஷ் போட்டு முலாம் ஏத்திக் கண்ணாடிப் பெட்டியில வை, தங்கமாட்டம் மின்னும்" என்றார் அத்தை. சித்தப்பாவுக்கு டயல், முள், கண்ணாடி எல்லாமே புதிதாக மாற வேண்டும். எனக்கு அது ஓடினால் போதும். மூன்றையும் ஒரே வேலையாக நினைத்துக்கொண்டு பேசியதால்தான் பேச்சு முடியவே இல்லை. உள்ளே இருக்கும் இயந்திரம், டயலும் முள்ளும், வெளிக்கூடு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று சொன்னபிறகுதான் விட்டார்கள்.

முதலில் அது என்ன வாட்ச் என்று பார்த்தேன். பின்மூடி திருகு வகை. சுத்தமான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கையை மூடிமேல் அழுத்தி இடப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும். கத்தி முனையை விட்டு நெம்பினால் திருகு மூடியின் விளிம்பு நாசமாகும். விளிம்பில் நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் மட்டுமே அது நெம்பித் திறக்கும் மூடி.

தயாரிப்பு எண்ணை இயந்திரத் தகட்டில் பார்க்க வேண்டும், மூடியில் அல்ல. அந்தக் காலத்து அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் இயந்திரத்தை மட்டும் செய்து விற்றன. கூட்டைச் செய்தது வேறு கம்பெனி. கடையில் வாங்குபவர் தனக்குப் பிடித்த கூட்டைத் தேர்ந்தெடுத்துப் பொருத்திக்கொண்டார். அதனால் மூடியில் இருக்கும் எண்ணுக்கும் வாட்ச்சின் வயதுக்கும் சம்பந்தம் கிடையாது. எங்களுடைய இயந்திரத்தில் எண் 1 கோடியே 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எல்ஜின் வரிசையில் அது 1910-களின் நடுப்பகுதி. வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த வயதைவிட ஒரு தலைமுறை இளசு. 15 கல் (அச்சுகள் தேயாமல் சுழலப் பொருத்தும் சிறு கற்கள்), 16 அளவு. அமெரிக்க அளவு முறையில் 16 என்பது 43.18 மில்லிமீட்டர் இயந்திரம். வெர்னியரை வைத்தால் 43.2 காட்டியது.

தங்கம் என்ற நம்பிக்கையும் மூடியைத் திறந்ததும் போயிற்று. உட்புறத்தில் '20 ஆண்டு' என்ற உத்தரவாத முத்திரை. ஆண்டுக்கணக்கு போட்டிருந்தால் அது முழுத்தங்கம் அல்ல: பித்தளைபோன்ற மலிவு உலோகத்தின் இருபுறமும் மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டிச் செய்தது. இத்தனை ஆண்டு புழங்கினாலும் தங்கம் தேய்ந்து அடி உலோகம் தெரியாது என்பதுதான் அந்த உத்தரவாதம். இப்போது அதைப்போல ஐந்து மடங்கு காலம் ஓடிவிட்டது. விளிம்பிலும் வளையத்தின் அடியிலும் பித்தளை எட்டிப் பார்க்கிறது. இந்தத் தகவல் பின்னால் பாலிஷ் பேச்சு வந்தபோது உதவியது.

அடுத்து, நின்றுபோன காரணம். "யாரோ சாவியை அதிகமாக் குடுத்துட்டாங்க, ஸ்பிரிங் இறுகிப்போச்சு" என்பது எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. அப்படி ஒரு நோயே கிடையாது. முழுக்கச் சாவி கொடுத்த நிலையில் வாட்ச் நிற்கிறது என்றால் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அல்லது எங்கோ ஏதோ உடைந்திருக்கும். இங்கே நிலைமை அதற்கு நேர்மாறு. சாவியை மெதுவாக நாலைந்து சுற்று கொடுத்தால் கிளிக் சத்தம் வருகிறது, ஆனால் கை இறுக்கத்தை உணரவே இல்லை. இயந்திரத்துக்கு விசை தரும் மெயின் ஸ்பிரிங் உடைந்தால் இப்படித்தான் இருக்கும். அந்தக் கால நீல எஃகு ஸ்பிரிங்குகள் ஒரு காரணமும் இல்லாமல் ராத்திரியில் மேசைமேல் இருக்கும்போதே உடையும்.

ஸ்பிரிங் உடைவது சின்ன விஷயம். பயந்தது, இருபுறமும் ஆடி நேரத்தைப் பிரிக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு. அதன் அச்சின் இரண்டு நுனியும் தலைமுடி அளவு; அதிர்ச்சி தாங்கும் அமைப்புகள் பரவலாக வருவதற்கு முந்தைய வாட்ச் இது, ஒருமுறை கீழே விழுந்தால் நுனி போய்விடும். சோதனை எளிது. ரப்பர் ஊதுகுழலால் மெல்ல ஊதினேன்: சக்கரம் இருபுறமும் தாராளமாக ஆடி அடங்கியது. பிறகு ட்வீசர் முனையால் விளிம்பை மெதுவாக மேலே தூக்கிப் பார்த்தேன். இம்மியளவு மேலும் கீழும் அசைய வேண்டும், ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. சாயவில்லை. அந்தச் சக்கரத்தைத் திருப்பி ஆடவைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் தட்டையாக, சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல், துருப்புள்ளி இல்லாமல் இருந்தது. திசைகாட்டியை மேலே வைத்தபோது முள் இலேசாக நடுங்கியது, காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் நீக்கும் சிறிய கருவியில் அது சரியாகிவிடும்.

இந்த இடத்தில் எனக்கு நானே ஒரு எல்லை போட்டுக்கொண்டேன். பேலன்ஸ் நுனி உடைந்திருந்தாலோ ஹேர் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலோ மூடி வைத்துவிட்டு அத்தை சொன்ன கண்ணாடிப் பெட்டியைத் தேடியிருப்பேன். இரண்டும் தப்பித்ததால் ஓடவைக்கலாம் என்று முடிவு.

இயந்திரத்தை வெளியே எடுக்க முன்கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றி, சாவித்தலையை வெளியே இழுத்து, தகட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு கூட்டுத் திருகுகளைத் தளர்த்த வேண்டும். இயந்திரம் முன்பக்கமாக வரும். இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. இந்த வகையில் சாவித்தண்டும் அதைப் பிடிக்கும் குழலும் கூட்டிலேயே தங்கிவிடும். தண்டின் அழுத்தம் இல்லாதபோது இயந்திரம் தானாக முள் திருப்பும் நிலைக்குப் போய்விடும். வெளியே எடுத்த இயந்திரத்தில் சாவி ஏறவில்லை என்று பதற வேண்டாம். கூட்டில் போட்டதும் சரியாகும். வேறு சில அமெரிக்க வாட்ச்களில், குறிப்பாக ரயில்வேக்கென்று செய்தவற்றில், சாவித்தலையை இழுத்தால் முள் திரும்பாது. கண்ணாடி வளையத்தைக் கழற்றி, டயல் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிறு நெம்புகோலை இழுக்க வேண்டும். நேரம் தற்செயலாக மாறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தெரியாமல் தலையைப் பலமாக இழுத்து உடைத்த வாட்ச்கள் நிறைய உண்டு.

கருவிகள்: 0.8 முதல் 2.0 மில்லிமீட்டர் வரை ஸ்குரூ டிரைவர்கள், நுனி சரியாகச் சேரும் ட்வீசர் இரண்டு, கண்ணில் மாட்டும் 5 மடங்கு லென்ஸ், கையில் பிடிக்கும் 20 மடங்கு லென்ஸ், முள் நெம்பும் ஜோடி, இயந்திரம் உட்காரும் பிடிப்பான், மெயின் ஸ்பிரிங் சுருட்டும் கருவி, எண்ணெய்க் குச்சிகள். ஸ்குரூ டிரைவரின் நுனி திருகின் வாயை முழு அகலத்துக்கு நிரப்ப வேண்டும். ஒரு அளவு சின்னதைப் போட்டால் வழுக்கி, நீலம் ஏற்றிய திருகுத் தலையில் கீறல் விழும். முன்னால் யாரோ அப்படிச் செய்திருந்த அடையாளம் இரண்டு திருகில் இருந்தது.

முள்களை எடுக்கும்போது டயல்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து இருபுறமும் சமமாக நெம்ப வேண்டும். டயலைப் பக்கவாட்டில் இருக்கும் சிறு திருகுகள் பிடித்திருக்கும். தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். மெயின் ஸ்பிரிங்கில் விசை மிச்சம் இருந்தால் அது பின்னோக்கிச் சுழலாமல் பிடிக்கும் கிளிக் என்ற சிறு கொக்கியை விலக்கி, சாவியைக் கையில் பிடித்தபடி மெதுவாக விட வேண்டும். ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் இதைத் தவிர்க்கவில்லை. அதன்பிறகு பேலன்ஸ், துடிப்புக்கு ஒரு முறை சக்கரத்தை விட்டுப் பிடிக்கும் நங்கூரம், அச்சுகளின் மேல்நுனியைப் பிடிக்கும் பாலம், சக்கரங்கள் என்று வரிசையாக. ஒவ்வொரு திருகு எடுக்கும் முன்னும் போன் கேமராவில் ஒரு படம்.

நடுச்சக்கரத்தைக் கையில் எடுத்தபோது வேலை நின்றது. அச்சில் இருக்கும் பற்கள் கொண்ட பகுதி, பினியன், கையோடு சுழன்றது. உடைந்துவிட்டது, வேறொரு செத்த இயந்திரத்திலிருந்து சக்கரம் தேட வேண்டும் என்று நினைத்து அதற்கான வேட்டையிலும் இறங்கிவிட்டேன். பிறகுதான் அது திருகு மரையில் பொருத்தப்பட்ட பாதுகாப்பு பினியன் என்று புரிந்தது. மெயின் ஸ்பிரிங் உடையும்போது அது சுருண்டிருக்கும் உருளை பின்பக்கமாக உதறும். அந்த உதறலில் சக்கரப் பற்கள் உடையாமல் பினியன் மட்டும் மரையில் கழன்றுகொள்ளும்படி மரையின் திசையை வைத்திருக்கிறார்கள். அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. மரையைச் சுத்தம் செய்து கையால் இறுக்கியதோடு சரி.

கழுவுவதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நங்கூரத்தின் இரண்டு கற்களும் பேலன்ஸுக்கு அடியில் நங்கூரத்தைத் தள்ளும் உந்துகல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் எல்லாவற்றையும் மொத்தமாக ஊறப்போட்டால் கல் கழன்றுவிடும். அதைப் பழைய கோணத்தில் மறுபடி ஒட்டுவது வீட்டில் நடக்கிற காரியம் அல்ல. இந்த இரண்டு பாகங்களையும் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலிய எரிபொருளில் மட்டும் அலசினேன், ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல். மற்ற சக்கரங்களும் தகடுகளும் முதலில் அதே எரிபொருளில், கடைசியில் ஆல்கஹாலில். கல் ஓட்டைகளை முனை சீவிய மரக்குச்சியால் சுழற்றித் துடைக்க வேண்டும். குச்சி கறுப்பில்லாமல் வரும்வரை சீவிக்கொண்டே இருந்தேன். திரவத்தில் ஊறவைப்பதைவிட இதுதான் சுத்தம் செய்கிறது.

15 கல் என்றால் எங்கெங்கே என்று எண்ணிப் பார்த்தேன்: பேலன்ஸுக்கு நான்கு, உந்துகல் ஒன்று, நங்கூரத்தின் நகங்கள் இரண்டு, அதன் அச்சுக்கு இரண்டு, அதைத் தொடும் சக்கரத்துக்கு இரண்டு, நான்காம் சக்கரம், மூன்றாம் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. நடுச்சக்கரத்துக்குக் கல் இல்லை, தகட்டு உலோகத்திலேயே சுழல்கிறது. பழைய எண்ணெய் பச்சையாகி ஒட்டியிருந்ததும் அங்கேதான். ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்குமோ என்று 20 மடங்கு லென்ஸில் பார்த்தேன், வட்டமாகவே இருக்கிறது.

இனி ஸ்பிரிங். உடைந்த துண்டுகளை வைத்து அகலத்தையும் முனை வகையையும் அளந்தேன். தடிமனுக்கு வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். 0.19 மில்லிமீட்டர். வாங்கும் இடத்தில் 0.20 சுலபமாகக் கிடைத்தது, 0.01-தானே என்று தோன்றும். ஸ்பிரிங்கின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அந்த 0.01 மில்லிமீட்டர் ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதல் விசை. சுத்தமான இயந்திரத்தில் அவ்வளவு விசை வந்தால் பேலன்ஸ் ஒரு முழுச் சுற்றை நெருங்கி ஆடி, உந்துகல் நங்கூரத்தின் வெளிப்புறத்தில் இடிக்கும். நேரம் கண்டபடி முந்தும், கல்லும் உடையலாம். அதனால் 0.19-க்காகவே காத்திருந்து வாங்கினேன். நீல எஃகு வேண்டாம், துருப்பிடிக்காத வெள்ளை உலோகக் கலவை. பழசின் அச்சான மாதிரி இல்லை என்று முணுமுணுப்பவர்கள் இருப்பார்கள். ஸ்பிரிங் டயர்போல, தேய்வதற்கென்றே இருப்பது. அதில் பழமை பார்க்க எனக்கு மனமில்லை. உடைந்த துண்டை மட்டும் ஒரு சின்னப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

கையால் சுருட்டி உருளைக்குள் திணிக்க முடியும் என்று செய்து காட்டுபவர்கள் உண்டு. கையால் சுருட்டினால் ஸ்பிரிங் கூம்பாக வளைந்து உருளையின் மூடியில் உரசும். சுருட்டும் கருவியின் விலை ஸ்பிரிங்கைப்போலப் பல மடங்கு. என் செலவில் பெரிய தொகை அதுதான்.

எண்ணெய் மூன்று வகை: வேகமாகச் சுழலும் அச்சுகளுக்கு மெல்லிய மோபியஸ் 9010, மெதுவாகவும் பாரத்தோடும் சுழலும் நடுச்சக்கரத்துக்குக் கெட்டி எண்ணெய், ஸ்பிரிங்குக்கு கிரீஸ். கல்லின் குழியில் பாதி நிரம்பினால் போதும். வழிந்தால் குழியில் நிற்காமல் தகட்டில் பரவி, அச்சு வறண்டுவிடும். நங்கூரத்தின் அச்சுக்கு எண்ணெயே விடக் கூடாது.

மறுபடி கோக்கும்போது நங்கூரத்தைப் போடும் முன் ஒரு சோதனை. சாவியை ஓரிரு கிளிக் கொடுத்தால் சக்கரங்கள் விர்ரென்று ஓடி, நிற்கும் தறுவாயில் கொஞ்சம் பின்னோக்கிச் சுழல வேண்டும். சுழன்றது. எங்கும் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். நங்கூரம், பிறகு பேலன்ஸ். பாலத்தின் திருகை இறுக்கும்முன்பே துடிக்க ஆரம்பித்துவிட்டது. அத்தையை போனில் கூப்பிட்டுச் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

துடிப்பளக்கும் கருவியில் வைத்தேன். இது மணிக்கு 18,000 துடிப்பு, விநாடிக்கு ஐந்து. டயல் மேலே: 20 விநாடி முந்துகிறது, வீச்சு, அதாவது பேலன்ஸ் ஒரு பக்கம் ஆடும் கோணம், 250 டிகிரி. டயல் கீழே: 28 விநாடி முந்துகிறது. சாவித்தலை மேலே: 115 விநாடி பிந்துகிறது, வீச்சு 190-க்குக் கீழே. நிமிர்த்தும்போது வீச்சு கொஞ்சம் குறைவது இயல்பு, இவ்வளவு அல்ல. பேலன்ஸை மறுபடி எடுத்து 20 மடங்கில் பார்த்தபோது காரணம் தெரிந்தது: கீழ் நுனியின் பக்கவாட்டில் மெல்லிய பள்ளம். முதல் சோதனையில் சாயாமல் இருந்ததால் உடையவில்லை என்பது மட்டுமே தெரிந்தது, தேய்மானம் தெரியவில்லை. படுத்திருக்கும்போது அச்சு நுனியில் நிற்கிறது. நிமிர்ந்தால் இந்தப் பள்ளத்தில் உரசிக்கொண்டு சுற்றுகிறது.

சரியான தீர்வு அச்சையே மாற்றுவது. எல்ஜின் கோடிக்கணக்கில் செய்த கம்பெனி என்பதால், பழைய இருப்பிலிருந்து பயன்படுத்தாத அச்சு ஒன்று எளிதில் கிடைத்தது. வாங்கியும் விட்டேன். ஆனால் அச்சு பேலன்ஸின் குறுக்குக் கையில் ரிவெட் செய்யப்பட்டிருக்கிறது. கடைசல் இயந்திரத்தில் அந்த ரிவெட்டைக் கடைந்து எடுக்காமல் தட்டி வெளியேற்றினால் ஓட்டை அகன்றுவிடும். பேலன்ஸின் வளையமோ உள்ளே எஃகும் வெளியே பித்தளையுமாக, வெப்பத்துக்கேற்ப வளைவதற்காக இரண்டு இடத்தில் வெட்டிவிட்ட வளையம். ஒரு அழுத்தத்தில் கோணும். கோணலை நிமிர்த்தி, விளிம்புத் திருகுகளின் எடையைச் சமன் செய்து, ஹேர் ஸ்பிரிங்கை மறுபடி மட்டமாக்க வேண்டும். இது பல ஆண்டு கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டியது. செத்த இயந்திரத்திலிருந்து பேலன்ஸை முழுசாக எடுத்துப் போடுவது குறுக்குவழி. பேலன்ஸும் ஹேர் ஸ்பிரிங்கும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் துடிக்கிற பாகம் வேறு ஒரு வாட்ச்சினுடையதாகிவிடும். ஓடாமலே கிடந்தால் யோசித்திருப்பேன். மேசைமேல் படுத்துக்கொண்டு ஒழுங்காக ஓடுகிற வாட்ச்சுக்கு இவ்வளவு அபாயம் தேவையில்லை என்று அச்சைப் பையோடு எடுத்து வைத்துவிட்டேன். தினமும் பையில் போட்டுக்கொண்டு போகிறவராக இருந்தால் என் முடிவு மாறியிருக்கும்.

டயலுக்கு அவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. செம்புத் தகட்டின்மேல் சுட்ட எனாமல். 6-க்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் ஒன்று, அழுக்கேறிக் கறுப்பாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி மிதமான சோப்பு, விரலால் தேய்த்துக் கழுவியதில் கறுப்பு வெளுத்துவிட்டது. விரிசல் இருக்கிறது, இருக்கட்டும். எனாமலுக்கு இது சரி. உலோகத்தில் அச்சடித்த டயலைக் கழுவினால் எழுத்தே போய்விடும். இருட்டில் ஒளிரும் பூச்சு இருக்கும் பழைய டயலாக இருந்தால் தொடவே மாட்டேன். அது ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிர்வீச்சு நிற்காது, அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. சுரண்டினால் தூசி மூச்சில் போகும். முள்களில் துருப்புள்ளி உண்டு. அதைத் தேய்த்தால் நீலமும் சேர்ந்து போகும், அதனால் விட்டுவிட்டேன்.

கூடு பற்றித்தான் கடைசிச் சண்டை. அத்தையிடம் பித்தளை தெரியும் விளிம்பைக் காட்டினேன். பாலிஷ் என்பது தங்கத்தைச் சுரண்டி எடுப்பது, மிச்சமிருக்கும் தகடும் போய்விடும் என்றேன். "அப்ப மேல முலாம் பூசிடலாமே" என்றார். பூசலாம், அதற்குமுன் எல்லாவற்றையும் மழமழவென்று தேய்ப்பார்கள், பின்மூடியில் பாதி அழிந்து கிடக்கும் எழுத்துச் செதுக்கல் மீதியும் அழியும். பிறகு மூடியின் உட்புறத்தைக் காட்டினேன். லென்ஸில் பார்த்தால் ஊசியால் கீறிய சின்னச் சின்ன எண்களும் எழுத்துகளும். பழுது பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் அடையாளத்துக்குக் கீறி வைப்பது வழக்கம். வெவ்வேறு கையெழுத்தில் நாலைந்து இருக்கிறது. தாத்தா இதை எத்தனை பேரிடம் கொண்டுபோயிருக்கிறார் என்று பார்த்ததும் அத்தை முலாம் பேச்சை விட்டுவிட்டார். இயந்திரம் வெளியே இருந்தபோது கூட்டைச் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவி நன்றாகக் காயவைத்தேன், அவ்வளவுதான்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 15 கல் எல்ஜின் சாதாரண ரகம். முழுக்கப் புதுப்பிக்கும் கூலி, விற்றால் கிடைக்கும் தொகையைத் தாண்டிவிடும். என் கருவிகளின் செலவும் தாண்டிவிட்டது. ஒரே ஒரு வாட்ச்சுக்காக என்றால், பழைய பாக்கெட் வாட்ச் பார்த்துப் பழகிய ஒருவரிடம் "கழுவி எண்ணெய் போட்டு ஓடவையுங்கள், டயலையும் கூட்டையும் தொட வேண்டாம், மாற்றிய பாகங்களைத் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுவது மலிவு. நான் இன்னும் சில வாட்ச்கள் கழற்ற ஆசைப்பட்டதால் வாங்கினேன்.

அடுத்த முறை பேலன்ஸை முதலிலேயே வெளியே எடுத்து, கழுவும் முன்பே 20 மடங்கில் நுனிகளைப் பார்ப்பேன். தேய்மானம் அப்போதே தெரிந்திருந்தால் அந்த வேலையைக் கைதேர்ந்தவரிடம் அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை மற்றதைக் கழுவிக்கொண்டிருந்திருக்கலாம். மைக்ரோமீட்டரையும் முன்னாலேயே வாங்குவேன். ஸ்பிரிங்கின் தடிமன், முனை வகை, எண்ணெய் விட்ட தேதி, கீழ் நுனியின் பள்ளம், அச்சு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். எண்ணெய் ஐந்து ஆண்டுவாக்கில் வறண்டுவிடும். மறுபடி திறக்கும்போது பள்ளம் ஆழமாகியிருந்தால் அச்சை மாற்றக் கொடுத்துவிடுவேன்.